கலப்பு என்னும் பூச்சாண்டி

வருணாச்சிரமக்காரர்களுக்கு இப்பொழுது ஒரு புதிய புத்தி வந்திருக்கின்றது. முன்பெல்லாம் ஜாதி ஏன் என்று கேட்டால், கடவுள் செய்தார், மனு எழுதினார், பெரியவர்கள் நடந்து காட்டினார்கள் என்று பதில் வரும். அந்தக் கடவுள் எங்கே, அந்த மனுவுக்கு அதிகாரம் கொடுத்தது யார், அந்தப் பெரியவர்கள் நடந்த யோக்கியதை என்ன என்று நம் தோழர்கள் ஊர் ஊராய்ப் போய்க் கேட்டதன் பலனாக அந்தப் பதிலுக்கு மரியாதை இல்லாமல் போய்விட்டது. ஆகவே இப்பொழுது சாஸ்திரத்தை மடியில் மறைத்துக்கொண்டு, சயன்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வருகின்றார்கள். "ஜாதி என்பது மூடநம்பிக்கை அல்ல, அது இரத்த சம்பந்தமானது, ஜீன் சம்பந்தமானது. நாயில் ஜாதி இல்லையா? மாட்டில் ஜாதி இல்லையா? கலந்தால் இனம் கெட்டுப் போகாதா? பிறக்கின்ற பிள்ளை இரண்டுங்கெட்டான் ஆகாதா?" என்று கலியாணத் தரகர் முதல் காலேஜில் படித்த வக்கீல் வரையில் பேசுகின்றார்கள். நமது கூட்டங்களில் சீட்டு எழுதி அனுப்பிக் கேள்வி கேட்கின்றவர்களிலும் அநேகர் இதையேதான் கேட்கின்றார்கள்.

கேட்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கின்றார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. சயன்ஸ் என்ற பெயரைக் கேட்டவுடன் பயந்து போகின்றவர்களும் இருக்கின்றார்கள். சாமி பெயரைச் சொன்னால் பயப்படாதவன் கூட சயன்ஸ் பெயரைச் சொன்னால் பயந்து விடுகின்றான். ஆனால் பகுத்தறிவு என்பது சயன்ஸ் என்று பெயர் போட்டுக்கொண்டு வந்ததையெல்லாம் விழுங்குவதல்ல. யார் சொன்னார்கள், எதைப் பார்த்துச் சொன்னார்கள், அதனால் யாருக்கு லாபம், பிறகு பரீட்சையில் அது நின்றதா விழுந்ததா என்று கேட்பதுதான் பகுத்தறிவு. ஆதலால் 'கலப்பு கெடுதி' என்னும் இந்தச் சரக்கு எங்கே பிறந்தது, யார் வீட்டில் வளர்ந்தது, எப்படிச் செத்தது என்பதைச் சற்று விவரமாகவே எடுத்துச் சொல்ல ஆசைப்படுகின்றோம்.

கும்பினியின் இரண்டு நாக்கு

நம்முடைய சென்னையிலிருந்தே தொடங்குவோம். 1687-ம் வருஷத்தில் லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கும்பினியின் டைரக்டர்கள் சென்னைக் கோட்டை அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கோட்டையிலுள்ள வெள்ளைச் சிப்பாய்கள் இந்த நாட்டுப் பெண்களை மணந்துகொள்வது நல்ல காரியம், அதற்கு ஆதரவு காட்ட வேண்டும், அப்படிப்பட்ட மணத்தில் பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும் நாளில் தாயின் கையில் ஒரு வராகன் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். அதாவது, கலப்புக்கு இனாம்! ஏன்? கோட்டையைக் காக்க ஆள் வேண்டியிருந்தது. கப்பலேற்றி ஆள் கொண்டுவருவது செலவு. வழியில் சாகிறவர்கள் பாதை நெடுக. இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்து, கும்பினிக்கு விசுவாசமாயிருக்கும் ஒரு கூட்டம் உண்டானால் லாபம். ஆகவே அப்பொழுது கலந்த இரத்தம் நல்ல இரத்தமாயிருந்தது.

பிறகு என்ன நடந்தது? கும்பினி வியாபாரியாயிருந்தது போய் ராஜாவாயிற்று. உத்தியோகங்கள் கொழுத்தன. கும்பினியின் பங்குதாரர்களுக்கும் டைரக்டர்களுக்கும் பிள்ளைகளும் மருமக்களும் இருந்தார்கள். உடனே கலந்த இரத்தம் கெட்டுப்போய்விட்டது! 1786-ல், கல்கத்தா அநாதை விடுதியில் இருந்த, இந்தியத் தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போகக்கூடாது என்று தடுத்தார்கள். 1791-ல், இந்தியத் தாய் அல்லது தகப்பனுக்குப் பிறந்தவர் எவருக்கும் கும்பினியின் சிவில், ராணுவ, கப்பல் உத்தியோகங்கள் கிடையாது என்று உத்தரவு போட்டார்கள். 1795-ல், தாய் தகப்பன் இருவரும் ஐரோப்பியராயில்லாதவர்கள் பட்டாளத்தில் குழலூதலாம், தம்பட்டம் அடிக்கலாம், குதிரைக்கு லாடம் கட்டலாம், சிப்பாயாக இருக்கக்கூடாது என்று அதற்கும் மேலே போனார்கள்.

1687-ல் வராகன், 1791-ல் கதவடைப்பு. நடுவில் 104 வருஷம். இந்த 104 வருஷத்தில் மனித இரத்தம் மாறிவிட்டதா? தாய்மார்களின் கருப்பை மாறிவிட்டதா? ஒன்றும் மாறவில்லை. கும்பினியின் கணக்குப் புஸ்தகம்தான் மாறிற்று. எந்த மண்டையையும் எந்த மூக்கையும் அளந்து பார்த்துக் கும்பினி இந்த முடிவுக்கு வரவில்லை. முடிவு முதலில் வந்துவிட்டது. அதற்கு வேண்டிய 'ஆராய்ச்சி' பின்னால் வந்து சேர்ந்தது. இந்த வரிசையை வாசகர்கள் நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். இனி நாம் சொல்லப்போகும் எல்லாக் கதைகளிலும் இதே வரிசைதான் வரும்.

அந்த உத்தரவினால் தள்ளப்பட்டவர்கள் அறிவில்லாதவர்களா, வீரமில்லாதவர்களா? ஸ்காட்லாந்துத் தகப்பனுக்கும் ராஜபுத்திரத் தாய்க்கும் 1778-ல் பிறந்த ஜேம்ஸ் ஸ்கின்னர் என்பவருக்குக் கும்பினிப் பட்டாளத்தில் இடமில்லாததால் மராட்டியரிடம் போய்ச் சேவகம் செய்தார். பிறகு அதே கும்பினி 1803-ல் அவரைக் கொண்டே ஒரு குதிரைப்படை திரட்டிக்கொண்டது. அந்தப் படை அவர் பெயரிலேயே இன்றுவரை இந்திய ராணுவத்தில் இருக்கின்றது. கல்கத்தாவில் 1809-ல் பிறந்த ஹென்றி டிரோஜியோ என்னும் கலப்பு வம்சத்து இளைஞர் இந்துக் கல்லூரியில் உபாத்தியாயராயிருந்து, எதையும் கேள்வி கேட்டே ஒப்புக்கொள்ள வேண்டுமென்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் குற்றத்திற்காக வைதீகர்கள் கூச்சல் போட்டு 1831-ல் அவரை வெளியேறச் செய்தார்கள். அந்த வருஷமே, 22 வயதில், காலராவில் மாண்டு போனார். பெரியார் பிறப்பதற்கு 48 வருஷங்களுக்கு முன்பே, ஒரு 'சட்டைக்காரர்' வங்காளத்தில் பகுத்தறிவுப் பள்ளிக்கூடம் நடத்திவிட்டுப் போனார். இதுதான் கலப்பினால் கெட்டுப்போன மூளையின் லட்சணம்!

கோவேறு கழுதைச் சாஸ்திரம்

இனி வெளிநாட்டுச் சங்கதிக்கு வருவோம். ஜமைக்காத் தீவில் அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்திய கூட்டத்தைச் சேர்ந்த எட்வர்டு லாங் என்பவர் 1774-ல் அந்தத் தீவின் சரித்திரத்தை எழுதினார். வெள்ளையருக்கும் நீக்ரோவருக்கும் பிறந்தவர்களை அங்கே 'முலாட்டோ' என்பார்கள். கோவேறு கழுதையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்ததென்று பொதுவாகச் சொல்லப்படுகின்றது. குதிரையும் கழுதையும் கூடிப் பிறந்த கோவேறு கழுதை எப்படி மலடோ, அப்படியே முலாட்டோவும் முலாட்டோவும் கூடினால் பிள்ளை பிறக்காது என்று அவர் எழுதி வைத்தார். ஒருவேளை பிறந்ததாக யாராவது சொன்னால் என்ன செய்வது? அதற்கும் ஒரு சமாதானம் எழுதினார்: அந்தப் பெண் வேறொருவனோடு இரகசியமாகச் சேர்ந்திருப்பாளோ என்று சந்தேகிக்கலாமல்லவா என்றார்!

தோழர்களே! இந்தச் சமாதானத்தைச் சற்றுக் கவனியுங்கள். பிள்ளை பிறக்காவிட்டால் சாஸ்திரம் மெய். பிறந்துவிட்டால் பெண் பொய். இந்தப் புத்தி எங்கேயோ கேள்விப்பட்டதுபோல் இல்லையா? மழை பெய்தால் யாகத்தின் மகிமை, பெய்யாவிட்டால் மந்திரத்தில் பிழை என்கிற நம்மூர்ப் புரோகிதனும், ஜமைக்காத் தோட்டத்து எழுத்தாளனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலவே பேசுகின்றார்கள்.

1843-ல் அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் ஜோசியா நாட் என்னும் டாக்டர், கலப்பு மக்கள் அற்பாயுசுக்காரர்கள், பிள்ளைப்பேறு குறைந்தவர்கள், சில தலைமுறைகளில் அற்றுப்போவார்கள் என்று வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். அவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். அற்றுப்போவார்கள் என்று அவர் சொன்ன மக்களின் சந்ததியார் இன்று அமெரிக்காவில் கோடிக்கணக்கில் இருக்கின்றார்கள், பரீட்சை முடிந்துவிட்டது. குதிரையும் கழுதையும் இரண்டு வேறு இனங்கள், அதனால் அவற்றின் குட்டி மலடு. வெள்ளையனும் கறுப்பனும், பார்ப்பனனும் பறையனும் கூடினால் பிள்ளை பிறக்கின்றது, அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறக்கின்றது என்பதே மனிதர் எல்லோரும் ஒரே இனம் என்பதற்குப் போதுமான ருஜு. இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வீட்டில் ஆடு மாடு வைத்திருப்பவனுக்கே தெரியும்.

மண்டையும் மூக்கும்

பிறகு அளக்கின்ற காலம் வந்தது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து சாமுவேல் மார்ட்டன் என்பவர் நூற்றுக்கணக்கான மண்டையோடுகளைச் சேர்த்து, அவற்றில் விதைகளையும் பிறகு ஈய ரவைகளையும் கொட்டி அளந்து, வெள்ளையர் மண்டையே பெரிது, ஆகையால் அவர்களே உயர்ந்தவர்கள் என்ற முடிவுக்கு ஆதரவாக 1839-ல் ஒரு பெரிய புஸ்தகம் போட்டார். அவர் அளந்தது சரியா தப்பா என்று இன்னும் பண்டிதர்கள் வழக்காடுகின்றார்கள். நமக்கு அந்த வழக்கு வேண்டியதில்லை. அளவு சரியென்றே வைத்துக்கொண்டாலும், பெரிய பானையில் நல்ல சோறு வேகும் என்று எந்தப் பைத்தியக்காரன் சொல்லுவான்? இதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே, 1836-ல், ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரத்து டீடமன் என்பவர் அதேபோல் மண்டைகளை அளந்து பார்த்து, நீக்ரோவர் மூளைக்கும் ஐரோப்பியர் மூளைக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்றுமில்லை, அடிமைத்தனத்துக்கு இதில் ஆதாரம் தேட வேண்டாம் என்று லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டிலேயே எழுதினார். இருவரும் அளந்தது மண்டையைத்தான். ஒருவர் புகழ் அடிமைச் சந்தை நடந்த நாடெங்கும் பரவிற்று, மற்றவரை மறந்துவிட்டார்கள். எந்தச் சயன்ஸ் ஊரில் செல்லுபடியாகும் என்பதைச் சந்தைதான் தீர்மானித்தது.

நம் நாட்டுக்கு வந்தவர்கள் மண்டையோடு மூக்கையும் பிடித்துக்கொண்டார்கள். மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டியது. 70-க்குக் கீழே வந்தால் கூர்மூக்கு. 70 முதல் 85 வரை நடுத்தரம். அதற்கு மேல் சப்பை மூக்கு. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஹெர்பர்ட் ரிஸ்லி என்னும் சிவில் உத்தியோகஸ்தர், மூக்கு அகலமாக ஆக ஜாதி தாழ்ந்துகொண்டு போகும் என்று ஒரு விதியே செய்தார். அவர்தான் 1901-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குக்குத் தலைவர். அந்தக் கணக்கில் ஜாதிகளை மேல் கீழ் என்று வரிசைப்படுத்தவும் ஏற்பாடு செய்தார். உடனே நாடு முழுவதும் ஜாதிச் சங்கங்கள் கிளம்பின. எங்களை மேலே போடு, அவனைக் கீழே போடு என்று மகஜர்மேல் மகஜராக எழுதின. வெள்ளைக்காரன் மூக்கை அளக்க வந்தான். நம்மவர்கள் மூக்கை நீட்டிக்கொண்டு போய் நின்றார்கள். இதில் பார்ப்பனர் மாத்திரம் அல்ல, நம்மவர்களும் சேர்த்திதான் என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கின்றது.

சென்னையில் இந்த வேலையைச் செய்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை மியூசியத்துக்கு அதிகாரியாயிருந்தவர். அவர் தென்னாட்டு ஜாதிகளைப் பற்றி 1909-ல் 7 வால்யூம் போட்டது பலருக்குத் தெரியும். சென்னையிலும் மலையாளத்திலும் இருந்த கலப்பு வம்சத்தாரையே தனியாக அளந்து 1898-ல் மியூசியத்தின் வெளியீடாகப் போட்டது பலருக்குத் தெரியாது. மனிதனை நிறுத்தி, இடுக்கிபோன்ற கருவியைத் தலையிலும் மூக்கிலும் வைத்து, இவன் எந்தச் சரக்கு, எவ்வளவு கலப்படம் என்று பார்த்தார்கள். எண்ணெயில் கலப்படம் பார்ப்பதுபோல் மனிதனில் கலப்படம் பார்த்தார்கள்.

முடிவு என்னவாயிற்று? ரிஸ்லியின் மூக்கு விதியை கூரியே என்ற பண்டிதர் 1932-ல் பரிசோதித்து, ஐக்கிய மாகாணத்துக்கு வெளியே அது செல்லாது என்று காட்டினார். புள்ளிவிவரக் கணக்கில் பேர்போன மகலனாபிஸ், ரிஸ்லியின் வங்காளத்து அளவுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்து, அதிலுள்ள பிழைகளைத் திருத்த வேண்டியதாயிற்று. இந்த மகலனாபிஸின் சங்கதியே ஒரு வேடிக்கை. 1920-ல் நாகபுரி சயன்ஸ் காங்கிரசில் அவரைச் சந்தித்த அன்னண்டேல் என்பவர், கல்கத்தாவில் ஆங்கிலோ இந்தியர்களை அளந்து வைத்திருந்த கணக்கை அவரிடம் ஒப்படைத்தார். அதில் தொடங்கிய வேலையிலிருந்து 1936-ல் அவர் ஒரு கணித முறையை உண்டாக்கினார். ஜாதி உயர்வு தாழ்வைக் காட்டும் என்று எதிர்பார்த்த மூக்கு விதி குப்பைக்குப் போயிற்று. அந்தக் கணித முறையோ, ஜாதிக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரம் காரியங்களுக்கு இன்று உலகமெல்லாம் உபயோகமாகின்றது. டாக்டர் அம்பேத்கரும், பஞ்சாப் பார்ப்பானும் பஞ்சாப் சக்கிலியனும் ஒரே வம்சம், சென்னைப் பார்ப்பானும் சென்னைப் பறையனும் ஒரே வம்சம் என்று 1936-லேயே எழுதிவிட்டு, 1948-ல் தீண்டாதாரைப் பற்றிய புஸ்தகத்தில் இந்த மூக்கு அளவுகளையே எடுத்து வைத்து, அவன் ஆயுதத்தாலேயே அவன் வாதத்தை அடித்தார்.

நம் பக்கத்துப் பெரியவர்

இங்கே ஒரு கசப்பான சங்கதியை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்பவர் மதத்தின் கட்டுக்குள் நில்லாமல் எழுதிய தத்துவக்காரர் என்று பகுத்தறிவாளர்கள் ஒரு காலத்தில் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். அவரிடம் 1892-ல் ஜப்பானிய அரசியல்வாதி கானெக்கோ கென்டாரோ யோசனை கேட்டார். அந்நியரோடு ஜப்பானியர் கலப்பு மணம் செய்யலாமா என்பதற்கு ஸ்பென்சர், கூடவே கூடாது, பலன் கெடுதி என்று எழுதினார். ஆதாரம் என்ன தெரியுமா? ஆடுமாடு இனவிருத்தியில் அனுபவமுள்ள ஒருவரிடம் விசாரித்து உறுதி செய்துகொண்டாராம். மனிதரில் சாட்சி வேண்டுமானால் இந்தியாவிலுள்ள யூரேஷியரைப் பாருங்கள் என்றார். இந்தக் கடிதத்தைத் தம் ஆயுளில் வெளியிட வேண்டாமென்றும் கேட்டுக்கொண்டார். அவர் இறந்த பிறகு 1904-ல்தான் அது வெளிவந்தது.

உத்தியோகத்தை மூடி, படிப்பை மூடி, வெள்ளையனும் சேர்க்காமல், இந்தியனும் சேர்க்காமல் நூறு வருஷம் ஒரு கூட்டத்தை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, பிறகு அவர்கள் முன்னேறவில்லை, ஆகையால் இரத்தம் கெட்டது என்பது என்ன நியாயம்? காலைக் கட்டிப்போட்டு நொண்டி என்பதல்லவா இது! நமது ஆதித்திராவிடத் தோழர்களைப் பார்த்து, இவர்களுக்குப் படிப்பு ஏறாது, அது பரம்பரை என்று சொன்ன வாயும் இதுதான். ஸ்பென்சர் சொன்னாலும் புரட்டு புரட்டுத்தான். பகுத்தறிவுக்கு ரிஷியும் கிடையாது, ஆசாரியனும் கிடையாது.

அளவுகோல் கொலைக்கோலானது

ஜெர்மானியர் ஆண்ட தென்மேற்கு ஆப்பிரிக்காவில், அதாவது இன்றைய நமீபியாவில், 1905-ல் கலப்பு மணத்தைத் தடுத்தார்கள். அதற்கு மூன்று வருஷம் பின்னால், 1908-ல், யூகன் பிஷர் என்ற பண்டிதர் அங்கே ரெஹோபோத் என்னும் ஊருக்குப் போய், டச்சுக்காரருக்கும் அந்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த வம்சத்தாரை அளந்தார். சட்டம் முன்னே, சயன்ஸ் பின்னே! அவர் கண்டது என்ன? அந்த மக்கள் நல்ல ஆரோக்கியத்தோடும் நிறையப் பிள்ளைகளோடும் இருந்தார்கள். ஆனால் 1913-ல் வெளியிட்ட புஸ்தகத்தில் எழுதியது என்ன? இவர்கள் நம்மைவிடத் தாழ்ந்தவர்கள், நமக்குப் பிரயோஜனப்படும் வரையில் வைத்துக்கொள்ளலாம் என்ற பாவனையில் எழுதினார். கண்ட காட்சிக்கும் எழுதிய முடிவுக்கும் சம்பந்தமில்லை. இந்த மனிதரே பிறகு பெர்லினில் பெரிய ஆராய்ச்சி சாலைக்குத் தலைவரானார். ஹிட்லர் வந்ததும் 1933-ல் பெர்லின் சர்வகலாசாலைக்கே தலைவரானார். ரைன் நதிப் பிரதேசத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்து ஆப்பிரிக்கச் சிப்பாய்களுக்கும் ஜெர்மன் பெண்களுக்கும் பிறந்த சுமார் 400 பிள்ளைகளை 1937-ல் இரகசியமாகப் பிடித்து மலடாக்கினார்கள். இன்ன பிள்ளை கலப்பு என்று பார்த்துச் சொல்ல இந்த அளவுகோல் பண்டிதர்களே உதவினார்கள். கலப்புப் பிள்ளைகள் மலடாயிருப்பார்கள் என்று 1774-ல் எழுதிய புளுகைக் கத்தி வைத்து மெய்யாக்கினார்கள்.

யூதர் விஷயத்தில் நடந்தது இன்னும் தெளிவானது. 1935-ல் நூரம்பர்க் சட்டம் போட்டு, யூத இரத்தம், ஜெர்மன் இரத்தம் என்று பிரித்தார்கள். எந்த நுண்ணாடியிலும் யூத இரத்தம் தெரியவில்லை. பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பாட்டன் பாட்டிமார் நால்வரில் எத்தனை பேர் யூத மதச் சபையைச் சேர்ந்தவர் என்று பதிவுப் புஸ்தகத்தைப் புரட்டினார்கள்! இரத்தம் இரத்தமென்று கூவினவர்கள் கடைசியில் கோவில் கணக்கைத்தான் பார்த்தார்கள். நம்மூரில் ஒருவனுடைய ஜாதி எங்கே இருக்கின்றது? அவன் உடம்பில் இல்லை. தாசில்தார் கச்சேரிச் சர்ட்டிபிகேட்டில்தான் இருக்கின்றது.

அமெரிக்காக்காரன் மாத்திரம் யோக்கியனா? அங்கே டாவன்போர்ட் என்பவர் 1929-ல் ஜமைக்கா மக்களை அளந்து, கலப்பு மக்களில் சிலருக்குக் கை ஒரு ஜாதி, கால் ஒரு ஜாதியாய் அமைந்துவிடுவதால் தரையில் கிடக்கும் பொருளை எடுக்கக் கஷ்டப்படுவார்கள் என்று எழுதினார். அந்த வித்தியாசம் எவ்வளவு அற்பம் என்று அடுத்த வருஷமே காஸில் என்னும் விஞ்ஞானி அதைக் கிழித்துக் காட்டினார். வர்ஜினியா மாகாணம் 1924-ல் வெள்ளையர் கலப்பு மணத்தைத் தடுத்துச் சட்டம் போட்டது. ஒரு துளி வேற்று இரத்தம் இருந்தாலும் வெள்ளையர் அல்ல என்றது. ஆனால் அந்த மாகாணத்துப் பெரிய வீட்டுக்காரர்கள் போகஹாண்டஸ் என்ற செவ்விந்தியப் பெண்ணின் சந்ததி என்று பெருமை பேசிக்கொள்பவர்களாதலால், செவ்விந்திய இரத்தம் 16-ல் 1 பங்கு வரை இருக்கலாம் என்று விலக்கு வைத்தது! ஏழையின் துளி விஷம். பணக்காரன் துளி அமிர்தம். கடவுள் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் வைத்ததே கலக்கக்கூடாது என்பதற்காகத்தான் என்று அங்கே ஒரு நீதிபதி எழுதினார். அப்படியானால் அமெரிக்காவுக்கு வெள்ளையனைக் கொண்டுவந்தது யார்? சைத்தானா? 1967-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு இச்சட்டத்தைச் செல்லாதென்று தள்ளிற்று. தென்னாப்பிரிக்காவிலோ 1949-ல் போட்ட கலப்பு மணத் தடை 1985 வரை நீடித்தது. அங்கே குடியேறிய நம் தமிழ் மக்களும் அதில் அகப்பட்டுக்கொண்டார்கள்.

மனு அவர்களுக்கெல்லாம் பாட்டன்

இவ்வளவையும் வெள்ளைக்காரன் பாபம் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. வெள்ளைக்காரன் மண்டையை அளப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே மனுதர்மத்தின் பத்தாவது அத்தியாயம் இந்த வேலையைச் செய்து முடித்துவிட்டது. பார்ப்பனத் தகப்பனுக்கும் வைசியத் தாய்க்கும் பிறந்தவன் அம்பஷ்டன்; சூத்திரத் தாய்க்குப் பிறந்தவன் நிஷாதன்; க்ஷத்திரியத் தகப்பனுக்கும் பார்ப்பனத் தாய்க்கும் பிறந்தவன் சூதன் என்று கூட்டல் பெருக்கல் போட்டு வைத்திருக்கின்றது. பிரெஞ்சு அடிமைத் தீவில் மோரோ என்பவர் ஒரு மனிதனை 128 பங்காகப் பிரித்து, இத்தனை பங்கு வெள்ளை இத்தனை பங்கு கறுப்பு என்று கணக்கெழுதினார். அவர்கூட மனுவின் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியவர்தான். கீதையிலும் அர்ச்சுனனுக்கு வந்த பெரிய பயம், சண்டையில் ஆண்கள் செத்தால் பெண்கள் கெட்டு வருணம் கலந்துவிடுமே என்பதுதான்.

இதிலுள்ள சூட்சுமத்தைப் பெண்கள் கவனிக்க வேண்டும். மேல்ஜாதி ஆண் கீழ்ஜாதிப் பெண்ணைத் தொட்டால் அது 'அனுலோமம்', ஏதோ பொறுத்துக்கொள்ளலாம். கீழ்ஜாதி ஆண் மேல்ஜாதிப் பெண்ணை மணந்தால் அது 'பிரதிலோமம்'; சூத்திரனுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறந்தவன் சண்டாளன், மனிதரில் கடைசி. அமெரிக்கத் தோட்டக்காரனும் இதையேதான் செய்தான். அடிமைப் பெண்ணிடம் அவன் பெற்ற பிள்ளை அவனுக்குச் சொத்து. கறுப்பன் ஒருவன் வெள்ளைப் பெண்ணைப் பார்த்ததாகச் சொன்னாலே மரத்தில் தூக்கினான். இரத்தம் கெட்டுப்போவது மெய்யென்றால் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தானே கெட வேண்டும்? ஒரு பக்கம் மாத்திரம் கெடுவதென்ன? ஆகவே காவல் காத்தது இரத்தத்தை அல்ல; பெண்ணின் உடம்பையும், நிலத்தையும், உத்தியோகத்தையும்தான். நமது அரசியல் சட்டமுங்கூட 1950-ல் ஆங்கிலோ இந்தியர் யார் என்று சொல்லும்போது தகப்பன் வழியைத்தான் பார்த்ததே தவிர, தாய் வழியைப் பார்க்கவில்லை. அவர்களுக்கிருந்த சட்டசபை நியமனமும் 2020 ஜனவரியோடு நின்று போயிற்று.

இன்றைய சயன்ஸ் என்ன சொல்லுகின்றது

சரி, சயன்ஸ்தானே வேண்டும்? மெய்யான சயன்ஸைக் கேளுங்கள். 1972-ல் லெவான்டின் என்பவர் கணக்குப் பார்த்து, மனிதருக்குள் இருக்கும் பிறவி வித்தியாசங்களில் 100-க்குச் சுமார் 85 பங்கு ஒரே கூட்டத்துக்குள்ளேயே இருப்பவை என்று காட்டினார். அதாவது உங்களுக்கும் உங்கள் ஜாதிக்காரனுக்கும் உள்ள வித்தியாசமே பெரிது. 2010-ல், ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள மக்கள் உடம்பில், மறைந்துபோன நியாண்டர்தால் என்னும் பழைய மனித இனத்தின் கலப்பும் இருப்பதாகக் கண்டார்கள். நம் நாட்டைப் பற்றி, ஹைதராபாத் விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து 2009-லும் 2013-லும் வெளியிட்டார்கள். இந்தியப் பெருநிலத்தில் ஏறக்குறைய எல்லாக் கூட்டத்தாரும், மேல்ஜாதி கீழ்ஜாதி மலைஜாதி எல்லோரும், பழைய வம்சங்கள் கலந்து உண்டானவர்களே. அந்தக் கலப்பு சுமார் 4,200 வருஷம் முதல் 1,900 வருஷம் முன்பு வரை தாராளமாய் நடந்தது. பிறகுதான் ஜாதிக்குள்ளேயே மணக்கும் அடைப்பு வந்தது என்கிறார்கள். ஆகவே சுத்த இரத்தம் என்று மார் தட்டுபவன் ஒவ்வொருவனும் கலப்புக்குப் பிறந்தவனே. கலந்தது இயற்கை, அடைத்தது மனிதன் செய்த கொடுமை.

அடைத்ததனால் கண்ட லாபமென்ன? தலைமுறை தலைமுறையாக ஒரு சிறு கூட்டத்துக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை செய்துவந்தால், மறைந்து கிடக்கும் பரம்பரை வியாதிகள் வெளிப்பட இடமாகின்றது என்று 2017-ல் ஆராய்ந்து எழுதியிருக்கின்றார்கள். ஒரு வகுப்பாரில் பலருக்கு, ஆபரேஷனுக்குக் கொடுக்கும் ஒருவித மருந்து உடம்பில் கரையாமல் தங்கி ஆபத்தாகிவிடுவதற்குக் காரணமே இதுதானாம். கலந்தால் கெடும் என்று பயமுறுத்தினார்கள். கலக்காததால் கெட்டிருப்பதை விஞ்ஞானி காட்டுகின்றான். மாட்டு ஜாதி, நாய் ஜாதி பேசுகின்ற மிராசுதார் தன் வயலுக்கு மாத்திரம் வீரிய ஒட்டு விதையும், தொழுவத்துக்குக் கலப்பினப் பசுவும் தேடிக்கொண்டு போவதேன்?

நமக்கும் ஒரு வார்த்தை

இதைப் படிக்கும் நமது தோழர்களில் சிலர், ஆரியர் வேறு திராவிடர் வேறு என்று நாம் சொல்லுவதில்லையா என்று கேட்கலாம். சொல்லுகின்றோம். ஆனால் இரத்தத்தைக் குழாயில் பிடித்துப் பார்த்துச் சொல்லவில்லை. பிறவியில் உயர்வு தாழ்வு உண்டென்னும் கொள்கை ஆரியம். மனிதர் எல்லோரும் சமம் என்பது நமது கொள்கை. பூணூல் போடாதவன் ஜாதி பார்த்தால் அவனும் மனுவின் பேரன்தான். சுத்தத் தமிழ் இரத்தம், சுத்தத் திராவிட இரத்தம் என்று நம் கூட்டத்தில் யாராவது பேசினால் அவர் ரிஸ்லியின் மூக்குக் கருவியைப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கின்றார் என்று அறிந்து, அதைக் கீழே போடச் சொல்லுங்கள்.

ஏனெனில் இது வெறும் புஸ்தகச் சண்டை அல்ல. 1967-லேயே தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணம் சட்டமாகிவிட்டது. வயது வந்த இருவர் மணந்துகொள்வதைத் தடுக்க எந்தக் கட்டைப் பஞ்சாயத்துக்கும் அதிகாரமில்லை என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. இருந்தும் ஜாதி விட்டு மணந்ததற்காகப் பெற்ற பெண்ணைக் கொல்லும் தகப்பனும், மருமகனை வெட்டும் மாமனும் இருந்துகொண்டுதான் இருக்கின்றார்கள். அரிவாளைத் தூக்கும்போது அவன் சொல்லுவது 'இரத்தம்', 'வம்சம்', 'கலப்பு' என்ற இந்த மூன்று வார்த்தைகள்தான். அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் கடவுளும் இல்லை, சயன்ஸும் இல்லை. கும்பினிக்காரன் பேராசையும், தோட்டக்காரன் புளுகும், மனுவின் புரட்டும் மாத்திரமே இருக்கின்றன.

ஆகையால் தோழர்களே, இனி உங்கள் ஊரில் எவராவது கலந்தால் இரத்தம் கெட்டுவிடும் என்று சொன்னால் சண்டை போடாதீர்கள். மூன்று கேள்வி மாத்திரம் கேளுங்கள். எந்தப் பரீட்சையில் கெட்டது? எந்த வருஷத்தில் எவர் கண்டார்? அவருக்கு அதனால் என்ன லாபம்? பதில் வரும் வரையில் காத்துக்கொண்டு நில்லாமல், ஊரில் ஜாதி விட்டு மணக்க விரும்பும் பிள்ளைகள் இருந்தால் போய்த் துணை நில்லுங்கள்; தனியாகப் போகாமல் பத்துப்பேராய்ச் சேர்ந்து போங்கள். கலியாணம் நடத்திக்கொடுப்பதோடு நிற்காமல், அவர்களுக்கு வீடும் வேலையும் பந்தோபஸ்தும் கிடைக்கும் வரையில் கூடவே இருங்கள். அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளை என்ன ஜாதி என்று எவனாவது கேட்டால், மனித ஜாதி என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.